மாத்தளைக்கு நடந்தவர்கள்

— தேத்தண்ணி ஆறுது, செல்வராணி. குடியுங்கோ. இவர் கேட்கிறதுக்கெல்லாம் நீங்கள் மறுமொழி சொல்லத் தேவையில்லை.

— இல்ல யோகாக்கா, அண்ணன் கேக்கட்டும். பொண்ணு குடுக்கிறவ நான். சொல்றதுக்குத்தானே ஸ்பிரிங்வேல்லேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்.

— நான் பிழையாக் கேட்கேல்லைப் பிள்ளை. என்ர மகன் சிறி, கட்டினால் உம்மட கலாவைத்தான் எண்டு ஒற்றைக் காலில நிக்கிறான். நாளைக்கு இஞ்ச மெல்பேர்னில நாலு சனம் விசாரிக்கும். மாத்தளை எண்டுறீர். சரி. மாத்தளைக்கு முந்தி எந்த ஊர்?

— அதைத்தாண்ணே நானும் தேடிக்கிட்டே இருந்தேன். மாத்தளையில பெரியம்மா, குடியுரிமை இல்லன்னு புதுக்கோட்டைக்குத் திருப்பி அனுப்பின மாமா, ஒருத்தரையும் விடாம கேட்டேன். காப்பித் தோட்டத்துக்கு வெள்ளைக்காரன் ஆள் சேத்த காலம். எங்க பாட்டனுக்குப் பாட்டன் தொண்டியில தோணி ஏறி மன்னார்ல எறங்கினாராம். அங்கேருந்து காட்டுவழியா மாத்தளைக்கு நடை.

— நடந்தோ? றோட்டு இல்லையோ?

— ரோடா? யானை போன தடம்தான் ரோடு. வயித்துப் புள்ளையோட பொஞ்சாதியும் நடந்தா. தம்புள்ளைக்கிட்ட மரத்தடியில பெத்துட்டு, மறுநா காலையில எந்திரிச்சு நடந்தாளாம். அந்தப் புள்ளதான் எங்க வம்சம்.

— பாத்தியே யோகா? கூலிக்கு வந்த ஆக்கள். நான் அப்பவே சொன்னனான்.

— கூலிக்குத்தாண்ணே. நீங்க இங்க எதுக்கு வந்தீங்க? சம்பளம் வேணாம்னா சொல்லிட்டீங்க?

— நான் எழுபத்தஞ்சில பிளேனில வந்தனான்! விசாவோட!

— ஐயோ, சத்தம் போடாதேங்கோ. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி எட்டிப் பாக்கிறாள்.

— நான் கெளம்புறேன்க்கா. கலா ரெண்டு நாளா சோறு திங்கல, அதனாலதான் வந்தேன். ஆனா எங்க ஆளுங்கள நெனச்சு எனக்குக் கூச்சமில்ல. அவங்க நடக்கலன்னா நான் இல்ல. அதை மறைச்சுத்தான் எம்பொண்ணு இந்த வீட்டுக்கு வரணும்னா, அவ வர வேணாம்.

— போகாதேங்கோ செல்வராணி. கதிரையில இருங்கோ. இஞ்சாருங்கோ, உங்களுக்கும் ஒண்டு சொல்லவேணும்.

— எனக்கென்ன சொல்லக் கிடக்கு? நாங்கள் பரம்பரை யாழ்ப்பாணத்தார்.

— மாமி சாகமுந்தி என்னட்டச் சொன்னவ. உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டு கையில அடிச்சுச் சத்தியம் வாங்கினவ.

— அம்மாவோ? என்ன சொன்னவ?

— உங்கட பூட்டனும் மன்னாரில இறங்கி மாத்தளைக்குத்தான் நடந்தவராம். மடுக்காட்டில காய்ச்சல் கண்டு விழ, கூட வந்தவை விட்டிட்டுப் போட்டினம். புகையிலை வித்திட்டு யாழ்ப்பாணம் திரும்பின வண்டில்காரர் ஒருத்தர் பாவம் பாத்து வண்டில்ல போட்டுக்கொண்டு போனவர். அதாலதான் நீங்கள் யாழ்ப்பாணத்தார்.