முப்பத்தைந்து வயதுக்காரி

கற்பிட்டியிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு சகோதரிகள் இருந்தார்கள்.

"ராத்தா, நான் கிளினிக்குக்கு வரல்ல," என்றாள் தங்கை.

"ஏன்டி, பயமா?"

"பயமில்ல. முப்பத்தஞ்சு வயசு ஆக்களத்தான் கூப்பிட்டிருக்காங்க. மாமிக்கு நான் முப்பத்திரெண்டு எண்டுதானே சொல்லி வெச்சிருக்கேன்."

"கர்ப்பப்பைக் கழுத்துல புற்றுநோய் வர முன்னமே கண்டுபிடிக்கிற டெஸ்ட்டுடி அது. நோய் என்ன, உன்ட மாமிட்ட வயசக் கேட்டுட்டா வரும்?"

தங்கை ராத்தாவின் பக்கம் திரும்பினாள். "சரி, வாறேன். மாமிட்ட என்ன சொல்ற?"

"டொக்டர்ட்ட பல்லுக் காட்டப் போன எண்டு சொல்லு."

அவர்களுக்குப் பக்கத்து சீட்டில் இருந்த பெண் அவர்கள் பக்கம் குனிந்தாள்.

"மெல்லக் கதைங்க புள்ள. நானும் அங்கதான் போறேன், நாப்பத்தஞ்சு வயசுக்குக் கூப்பிட்டிருக்காங்க. எனக்கு நாப்பது எண்டு நம்புற என்ட மனிசன் பின்னுக்கு இருக்கார்."