எட்டுப் பெட்டி வெற்றி

அண்ணி: அப்ப மூணுக்கு ஒண்ணு?

தலைவர்: மூணுக்கு ஒண்ணு. எழுதி வெச்சுக்கங்க அண்ணி. பச்சை மூணு கோல், சிவப்பு ஒண்ணு. அந்த ஒண்ணும் பாவம் பாத்து விட்டுக் குடுக்கறது.

அண்ணி: எழுதி வெக்கறதா... போன வருஷம் நீ எழுதி வெச்சது இன்னும் சுவத்துலதான் இருக்கு. நாலுக்கு சைபர்.

தலைவர்: அது நடுவர் பண்ண வேலை.

அண்ணி: அதுக்கு முந்தின வருஷம்?

தலைவர்: மழை.

அண்ணி: மழை பச்சைக்காரங்க ஆடின பக்கம் மட்டும் பெஞ்சுச்சாக்கும்.

தலைவர்: நக்கல் பண்ணுங்க, நல்லா பண்ணுங்க. சாயங்காலம் பேசிக்குவோம்.

அண்ணி: சாயங்காலம்தான் தம்பி இப்ப. மணி நாலரை ஆகப் போகுது. ஃபைனல் ஆரம்பிச்சு ஒண்ணரை மணி நேரம் ஓடிப் போச்சு. பச்சை ரசிகர் சங்கத்துக்கே தலைவர் நீ. டிக்கெட் சட்டைப் பையிலருந்து எட்டிப் பாக்குது. மைதானத்துல குதிக்க வேண்டிய ஆளு, நம்ம பிரிண்டிங் கடையில ஷட்டரை இறக்கி விட்டுட்டு அட்டைப்பெட்டி மேல உக்காந்திருக்கே...

தலைவர்: காவலுக்கு.

அண்ணி: பனியனுக்கா? அது எந்திரிச்சு ஓடிருமா?

தலைவர்: ஆர்டர் குடுத்த வேன்காரர் வந்து ஏத்திக்கற வரைக்கும் நம்ம பொறுப்பு இல்லையா? விசில் ஊதினதும் வந்து ஏத்திட்டுப் போய் மைதான வாசல்ல விக்கணும்னு சொல்லியிருக்காரு.

அண்ணி: என்கிட்டதானேப்பா சொன்னாரு. இருநூறு வெள்ளை பனியன்தான் கெடச்சுது, ரெண்டு டீமுக்கும் அடிக்கத் துணி பத்தாது, யாரு ஜெயிப்பாங்கன்னு சொல்ல உங்க வீட்டுலயே ஒருத்தர் இருக்காரே, அவரைக் கேட்டு ஒரே டீமோட பேரைப் போட்டு சாம்பியன்னு அடிச்சிருங்கன்னாரு.

தலைவர்: என் மேல எவ்வளவு நம்பிக்கை பாருங்க.

அண்ணி: சரியா அடிச்சா அடுத்த சீசன் பூரா சட்டை ஆர்டர் நமக்கு, தப்பா அடிச்சா எதிர்க் கடைக்கு. அதையும் சேத்துத்தான் சொன்னாரு. ரெண்டு மாசமா மெஷினுக்கு உறை போட்டு மூடி வெச்சிருக்கோம், ஞாபகம் இருக்கா?

தலைவர்: இருக்கு...

அண்ணி: என்ன, தலைவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?

தலைவர்: காலையில ஊர்வலத்துல கத்துனது.

அண்ணி: சரி, ரேடியோவையாவது போடறேன்.

தலைவர்: வேணாம்!

அண்ணி: ஏம்பா இந்தக் கத்து? உங்க அண்ணன் உள்ள அசந்து தூங்கறாரு.

தலைவர்: இல்ல... நான் கேட்டா பச்சைக்கு ஆகாது. ராசி.

அண்ணி: இருபது வருஷமா ரேடியோவைக் காதோட ஒட்டிக்கிட்டு அலைஞ்சியே, அப்பல்லாம் எங்க போயிருந்துச்சு இந்த ராசி?

தலைவர்: அதனாலதான் தோத்தாங்களோ என்னவோ...

அண்ணி: அது சரி. பதினொரு பேரு ஓடி ஓடித் தோத்தாங்க, பழி உன் காதுக்கு. எந்திரி. ஒரு பெட்டியைப் பிரி. சட்டை எப்படி வந்திருக்குன்னு நானும் பாக்கறேன்.

தலைவர்: டேப் ஒட்டியாச்சு அண்ணி.

அண்ணி: டேப் நம்ம கடையில இல்லாத சாமானா?

தலைவர்: பிரிச்சா அட்டை கிழியும். வேன்காரர் முகம் சுளிப்பாரு.

அண்ணி: உங்க அண்ணனுக்கு ஒண்ணு எடுக்கலாம்னு பாத்தேன்.

தலைவர்: அண்ணனுக்கு அளவு பத்தாது.

அண்ணி: பெரிய அளவுல நாப்பது இருந்துச்சே.

தலைவர்: அது தொளதொளன்னு இருக்கும். அண்ணன் இளைச்சுட்டாரு.

அண்ணி: இப்பதானே பத்தாதுன்னே! ஒரு நிமிஷத்துல பெருத்து, ஒரு நிமிஷத்துல இளைக்கறாரா மனுஷன்? கையைக் காட்டு.

தலைவர்: எதுக்கு?

அண்ணி: காட்டுன்னா காட்டு... நகக்கண்ணுல என்ன சிவப்பா?

தலைவர்: கொடி... ஊர்வலத்துல கொடி புடிச்சது.

அண்ணி: பச்சைக் கொடியிலருந்து சிவப்புச் சாயமா?

தலைவர்: இல்ல, மை கலக்கறப்ப. பச்சையில ஒரு சொட்டு சிவப்பு விட்டா நல்லா எடுப்பா வரும்...

அண்ணி: பதினாறு வருஷமா மை கலக்கறவகிட்டயே சொல்றியா? பச்சையில சிவப்பு விட்டா சாணிக் கலர் வரும்.

தலைவர்: ஒரே ஒரு சொட்டுதான்...

அண்ணி: விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு, நீங்க தூங்குங்க அண்ணி, நானே தனியா அடிச்சுடறேன்னு சொன்னப்ப, அடடா, பிள்ளைக்குப் பொறுப்பு வந்துருச்சேன்னு நினைச்சேன். எந்திரிச்சு வந்து பாத்தா கழுவற தொட்டி செக்கச்செவேல்னு கிடக்கு. சிவப்பு டப்பா காலி. பச்சை டப்பாவோட மூடியைக் கூட நீ தொடல. சொல்லு.

தலைவர்: மெதுவா பேசுங்க அண்ணி.

அண்ணி: யாரு கேக்கப் போறா? ஊரே டிவி முன்னாடி இருக்கு. சொல்லு.

தலைவர்: ...சிவப்புதான் அடிச்சேன்.

அண்ணி: எத்தனை?

தலைவர்: இருநூறும்.

அண்ணி: அடப்பாவி!

தலைவர்: சிவப்போட கோல்கீப்பரை நீங்க பாத்ததில்ல. அது ஆளே இல்ல அண்ணி, மதில். நம்ம பசங்கள்ல முன்னாடி ஆடறவனுக்கு முட்டி சரியில்ல, பின்னாடி ஆடறவனுக்கு வயசு சரியில்ல...

அண்ணி: அந்த முட்டி சரியில்லாதவனைத்தானே காலையில மைக்ல சிங்கம்னே? நம்ம வீட்டு வாசல் வரைக்கும் கேட்டுச்சு.

தலைவர்: மைக்ல சொல்றது வேற. அங்க என்ன சொன்னாலும் கை தட்டுவாங்க.

அண்ணி: இங்க?

தலைவர்: இங்க கடை இருக்கே. பச்சை பேரு இருக்கற அச்சு ஸ்கிரீனைத்தான் முதல்ல எடுத்தேன். பனியன் மேல வெச்சேன். கட்டையால மையை இழுக்கணும்... கை வரல. மறுபடி எடுத்தேன், மறுபடி வெச்சேன். நீங்களும் அண்ணனும் ஆர்டர் வருமா வருமான்னு போனைப் பாத்துட்டு உக்காந்திருந்தது கண்ணு முன்னாடி வந்துச்சு. பயந்துட்டேன் அண்ணி.

அண்ணி: உன் பேச்சைக் கேட்டு நாப்பது பேரு மூஞ்சி பூரா பச்சை பூசிக்கிட்டுப் பின்னால வந்தாங்களே...

தலைவர்: பூசி விட்டதே நான்தான்.

அண்ணி: சிவப்பு இழுத்த அதே கையாலயா?

தலைவர்: சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான்.

அண்ணி: ரொம்ப சுத்தம்!

தலைவர்: சங்கத்துல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க...

அண்ணி: சேச்சே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். உங்க செயலாளர்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை...

தலைவர்: அண்ணி! உங்க கால்ல விழறேன்.

அண்ணி: விழறதுக்கு முதல்ல பெட்டியை விட்டு எந்திரிக்கணும். சரி, அழுவாதே. ஒண்ணு கேக்கறேன், நிஜமா பதில் சொல்லு. இப்ப யாரு ஜெயிக்கணும் உனக்கு?

தலைவர்: பச்சை.

அண்ணி: பச்சை ஜெயிச்சா ஆர்டர் எதிர்க் கடைக்கு. இருநூறு பனியனும் தரை துடைக்கத்தான் ஆகும்.

தலைவர்: அப்ப... சிவப்பு.

அண்ணி: சிவப்பு ஜெயிச்சா?

தலைவர்: செத்துருவேன்.

அண்ணி: ஆக, யாரு ஜெயிச்சாலும் நீ அவுட்டு. ரெண்டு டீமுக்கும் சேத்துத் தோத்த ஒரே ரசிகன் இந்த உலகத்துலயே நீதான்.

தலைவர்: டிரா ஆயிரக் கூடாதா...

அண்ணி: ஃபைனல்ல ஏது டிரா? பெனால்ட்டி வெச்சாவது ஒருத்தனைக் கவுப்பாங்க.

தலைவர்: உங்களுக்கு எப்படித் தெரியும்? பந்தாட்டம்னாலே கொட்டாவி விடுவீங்க!

அண்ணி: உன்னோட ஒரே வீட்டுல இருந்தா அம்மிக்கல்லுக்கும் தெரியும்... ஏய், இரு. அது என்ன சத்தம்?

தலைவர்: எங்க?

அண்ணி: முனைக் கடை டிவி. கூட்டம் குதிக்குது.

தலைவர்: எந்தக் கலர் குதிக்குது?

அண்ணி: ஷட்டரைத் தூக்கினாதானே தெரியும்.

தலைவர்: தூக்காதீங்க... தூக்குங்க... கொஞ்சமா தூக்குங்க.

அண்ணி: பச்சை.

தலைவர்: பச்சையா?... பச்சையா! அண்ணி! போட்டுட்டாங்க! அந்த முட்டிக்காரன்தான் போட்டிருப்பான்! சிங்கம் அண்ணி அவன், சிங்கம்! நான் சொன்னேனா இல்லையா?

அண்ணி: எதைச் சொன்னே?

தலைவர்: ...ஐயையோ.

அண்ணி: சிரிக்கறியா அழறியா? முகம் ரெண்டு பக்கமும் இழுக்குது. போன் அடிக்குது பாரு, எடு. எனக்கும் கேக்கற மாதிரி ஸ்பீக்கர்ல போடு.

செயலாளர் (போனில்): தலைவரே! எங்க போனீங்க? உங்க சீட் காலியா கிடக்கு! ரெண்டுக்கு ஒண்ணு! நாமதான் முன்னால! இன்னும் மூணே நிமிஷம்!

தலைவர்: பதட்டப்படாதீங்க செயலாளரே. காலையிலயே மைக்ல சொன்னேனே... மூணுக்கு ஒண்ணுன்னு. ஒரு கோல் அப்படி இப்படி இருக்கும்.

அண்ணி: கூச்சமே இல்லையா உனக்கு...

செயலாளர் (போனில்): பக்கத்துல யாரு? எங்க இருக்கீங்க தலைவரே?

தலைவர்: வெற்றிச் சட்டை ஏற்பாட்டுல இருக்கேன்.

செயலாளர் (போனில்): உங்க கையால அடிச்சதா! பச்சையிலதானே?

தலைவர்: ...பின்ன?

செயலாளர் (போனில்): அப்ப முதல் நாப்பது நம்ம சங்கத்துக்குத்தான்! வாசல்ல போய் நிக்கறோம்! சீக்கிரம் கொண்டாங்க!

தலைவர்: போனை வெச்சுட்டான்... வெச்சுட்டான் அண்ணி. நாப்பது பேரும் வாசல்ல நிப்பாங்க.

அண்ணி: நிக்கட்டுமே. தலைவரே கொண்டு போய்க் குடு.

தலைவர்: கிண்டல் போதும் அண்ணி. தாங்க முடியல. கடையையும் கெடுத்துட்டேன், பசங்களையும் ஏமாத்திட்டேன். இருபது வருஷமா ஒவ்வொரு தடவையும் நம்பினேன், தோத்தாங்க. ஒரே ஒரு தடவை நம்பல... இன்னிக்கே ஜெயிச்சுத் தொலைக்கறாங்க!

அண்ணி: கேக்குதா? முனைக் கடையில பட்டாசா வெடிக்குது. ஆட்டம் முடிஞ்சுது.

தலைவர்: பச்சையா?

அண்ணி: பச்சைதான்.

தலைவர்: இத்தனை வருஷம் இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தேன்... கை தட்டக்கூட வரல எனக்கு. ஹார்ன் சத்தம் வேற. வேன்காரர் வந்துட்டாரு. என்ன சொல்லப் போறீங்க?

அண்ணி: எட்டுப் பெட்டி ரெடின்னு.

தலைவர்: சிவப்பு அண்ணி! எட்டும் சிவப்பு!

அண்ணி: எந்திரி. இப்பவாவது ஒண்ணைப் பிரி.

தலைவர்: இது... டேப் மேல டேப் ஒட்டியிருக்கு. நான் இப்படி ஒட்டலையே?

அண்ணி: பிரிடா.

தலைவர்: ...பச்சை. அண்ணி, பச்சை! எப்படி? புதுத் துணி ஏது?

அண்ணி: எல்லாம் நீ சிவப்படிச்ச துணிதான். நீ மைக் புடிச்சுக்கிட்டு ஊரைச் சுத்தினப்ப, நானும் உங்க அண்ணனும் இருநூறையும் உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி திருப்பிப் போட்டு, அந்தப் பக்கத்துல நாலு மணி நேரம் பச்சை மையை இழுத்தோம். தையல் வெளிய தெரியத்தான் செய்யும். ஜெயிச்ச வெறியில எவன் தையலைப் பாக்கப் போறான்? சிவப்பு ஜெயிச்சிருந்தா திரும்ப உன் பக்கத்தையே வெளிய திருப்பியிருப்போம்.

தலைவர்: எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரம் என்னை வறுத்து எடுத்தீங்களா?

அண்ணி: பின்ன? கண்ணு முழிச்சதும் அந்தத் தொட்டியைப் பாத்து எனக்கு நெஞ்சு எப்படி அடிச்சுதுன்னு உனக்கும் தெரிய வேணாமா?

தலைவர்: சரி... ரெண்டு பக்கமும் இருக்கறப்ப, பச்சையை ஏன் வெளிய வெச்சு மடிச்சீங்க?

அண்ணி: இருபது வருஷமா தொண்டை கிழியச் சொல்றியே, ஒரு ஆளாவது நம்பித் தொலைப்போமேன்னுதான்.

தலைவர்: அண்ணி...

அண்ணி: அழுது மையைக் கரைச்சிராதே. இந்தா, முதல் சட்டையை நீயே மாட்டிக்கிட்டுப் போய் உன் ஆளுங்க முன்னாடி நில்லு. சங்கத் தலைவருக்குன்னே அளவெடுத்துச் செஞ்சது... வெளிய பச்சை, உள்ள சிவப்பு.