விளம்பரம் வரட்டும்

டோனா: கதவைச் சாத்து, குளிர் உள்ள வருது. ஷூவைக் கழட்டிட்டு வா... ஐயோ, டிவியை மறைக்காதே வெய்ன்!

வெய்ன்: வந்தவனை வான்னுகூடச் சொல்லாம... நான் ரெண்டு நிமிஷத்துல போயிடுவேன். இந்தக் கவர்ல காகிதம் இருக்கு. மூணு இடத்துல கையெழுத்து, அவ்வளவுதான்.

டோனா: எட்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. விவாகரத்துக் காகிதத்தை நீட்ட மட்டும் சனிக்கிழமை காலைல வந்து நிக்கிறே. தபால்ல போட்டிருக்கலாமே?

வெய்ன்: ஸ்டாம்ப் இல்லை.

டோனா: க்ளீவ்லாண்ட் பூராவுமா?

வெய்ன்: திங்கட்கிழமை வக்கீல்கிட்ட குடுக்கணும் டோனா. போட்டுக் குடேன்.

டோனா: மேட்ச் முடியட்டும். ரெண்டாவது பாதி இப்பத்தான் ஆரம்பிச்சுது.

வெய்ன்: சரி, விளம்பரம் வரட்டும். அப்பப் போடு.

டோனா: இதுல விளம்பரம் கிடையாது.

வெய்ன்: கிடையாதுன்னா?

டோனா: கிடையாதுன்னா கிடையாது. விசில் ஊதினா நாப்பத்தஞ்சு நிமிஷம் ஓடிட்டே இருப்பாங்க. நடுவுல பீர் விக்க மாட்டாங்க, டயர் விக்க மாட்டாங்க.

வெய்ன்: அப்ப ஒன்னுக்கு வந்தவன் என்ன பண்ணுவான்?

டோனா: அடக்கிக்குவான். காபி போட்டு வெச்சிருக்கேன், ஊத்திக்கோ.

வெய்ன்: என் கப்பு இன்னும் இங்கதான் இருக்கா?

டோனா: தூக்கிப் போட மறந்துட்டேன். உட்காரு.

வெய்ன்: அதை நிறுத்தி வெச்சுட்டுப் போடேன். ரிமோட்ல பட்டன் இருக்குமே...

டோனா: இது லைவ்! ஊரே பார்த்துட்டிருக்கு, நான் மட்டும் பின்னாடி நிக்கணுமா?

வெய்ன்: ...லைவா?

டோனா: ஆமா. ஏன்?

வெய்ன்: ஒன்னுமில்லை. சும்மா கேட்டேன்... உனக்கு எப்பலேர்ந்து இந்தக் கிறுக்கு? நாம ஃபுட்பால்காரங்க. இது சாக்கர்.

டோனா: கால்ல உதைக்கிறதுக்கு சாக்கர்னும், கையில தூக்கிட்டு ஓடுறதுக்கு ஃபுட்பால்னும் பேர் வெச்சவங்கதானே நாம!

வெய்ன்: ஒரு மணி நேரம் ஓடி ஒரு கோல். இதுக்கு நம்ம பக்கத்துத் தெருவுல பனி அள்ளுறதைப் பார்க்கலாம்.

டோனா: நானும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தேன். நீ போனப்புறம் சனிக்கிழமை காலைல வீட்டுல ஒரு சத்தமும் இல்லை. சும்மா டிவியைப் போட்டேன். இங்கிலாந்துல எங்கேயோ மழை. நனைஞ்சுக்கிட்டே ஒரு கூட்டம் பாடிட்டிருந்துச்சு. டீம் மூணு கோல் வாங்கித் தோத்துட்டிருக்கு... அப்பவும் பாடறாங்க, வெய்ன். நானும் உட்கார்ந்துட்டேன்.

வெய்ன்: எந்த டீமு?

டோனா: ஹார்ட்ஸ்லி. அதோ, நீலச் சட்டை. ஒரு கோல் பின்னாடி இருக்கு.

வெய்ன்: எத்தனாவது இடம்?

டோனா: கடைசி.

வெய்ன்: அது சரி! க்ளீவ்லாண்ட்ல பொறந்து தோக்கிற டீமையே பார்த்து வளர்ந்தவ வேற எதைத் தேடிப் பிடிப்பே?

டோனா: சிரிக்காதே. கடைசி மூணு டீமை அங்க கீழே இறக்கி விட்டுடுவாங்க, தெரியுமா? சின்ன ஊர் டீம்களோட ஆடணும்.

வெய்ன்: நம்ம டீம் அங்க இருந்திருந்தா இன்னேரம் சர்ச் மைதானத்துல ஆடிட்டிருக்கும்.

டோனா: ஆடட்டுமே. கீழே இறங்குவாங்க, ஆனா ஊரை விட்டுப் போக மாட்டாங்க. நம்ம டீமை அதோட முதலாளி பால்டிமோர் ஊருக்கு மூட்டை கட்டிட்டான்னு நீ கராஜ்ல உட்கார்ந்து அழுதியே... அந்த மாதிரி இல்லை.

வெய்ன்: நான் அழலை. தூசி.

டோனா: தூசிதான்.

வெய்ன்: ...மூட்டை கட்டினதைப் பத்திச் சொல்றியே, என்னைக் குத்தறியா?

டோனா: மேட்சைப் பாரு.

வெய்ன்: பார்த்துட்டுதான் இருக்கேன். பதினேழாம் நம்பரைக் கோச் இப்ப உள்ள எறக்குவான் பாரு.

டோனா: ...எறக்கிட்டான்! உனக்கு எப்படித் தெரியும்?

வெய்ன்: யாரையாவது எறக்கித்தானே ஆகணும். வாய்க்கு வந்த நம்பரைச் சொன்னேன்.

டோனா: ம்ம்.

வெய்ன்: அந்த ஓரத்துல நிக்கிறவன் ஏன் கொடியைத் தூக்கறான்?

டோனா: ஆஃப்சைடு. பந்து வர்றதுக்கு முன்னாடியே முந்திக்கிட்டு அந்தப் பக்கம் போய் நிக்கக் கூடாது.

வெய்ன்: ஓஹோ.

டோனா: புரிஞ்சுதா?

வெய்ன்: இல்லை. இன்னொரு தடவை சொல்லு.

டோனா: அதிசயமா இருக்கே! நான் ஒரு விஷயத்தை ஒரு தடவை சொல்லவே உனக்கு நேரம் இருந்ததில்லை.

வெய்ன்: அப்படிச் சொல்லாதே.

டோனா: வேற எப்படிச் சொல்ல? முப்பது வருஷம் வெய்ன்! நீ என்கிட்ட பேசினது பூராவும் விளம்பரத்துலதான். ஞாயித்துக்கிழமைன்னா நான் சோஃபா ஓரத்துல காத்துட்டிருப்பேன், எப்படா பீர் விளம்பரம் வரும்னு. "கழுத்து வலி எப்படி இருக்கு?"ம்பே. நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள ஆட்டம் ஆரம்பிச்சுடும். எங்கம்மா போயிட்டாங்கன்னு உன்கிட்ட சொன்னதே ஒரு டயர் விளம்பரத்துலதான்.

வெய்ன்: நான் டிவியை அணைச்சேனே, டோனா.

டோனா: அணைச்சே. அன்னிக்கு மட்டும் அணைச்சே.

வெய்ன்: ...கழுத்து வலி எப்படி இருக்கு?

டோனா: போடா! ஆட்டம் ஓடிட்டிருக்கு.

வெய்ன்: ஓடட்டும். எப்படி இருக்குன்னு கேட்டேன்.

டோனா: ...இடது பக்கம்தான். காலைல எந்திரிக்கும்போது பிடிச்சுக்குது. டாக்டர் வேற தலையணை வாங்கச் சொன்னார். வாங்கலை.

வெய்ன்: ஏன் வாங்கலை?

டோனா: ரெண்டு சேர்ந்தாப்ல குடுக்கறான். இன்னொன்னு எதுக்கு எனக்கு? காபி ஆறிடும், குடி.

வெய்ன்: தொண்ணூறு நிமிஷம் ஆயிடுச்சே. முடிஞ்சுதா? கவரைப் பிரிக்கட்டுமா?

டோனா: அவசரப்படாதே. அடிபட்டு விழுந்த நேரத்தையெல்லாம் சேர்த்துக் குடுப்பாங்க.

வெய்ன்: எவ்வளவு?

டோனா: ஆறு நிமிஷம்னு போர்டு காட்டறான். ஆனா ரெஃபரி ஊதினாத்தான் முடிஞ்ச மாதிரி.

வெய்ன்: அநியாயம். நம்ம ஆட்டத்துல கடிகாரம் பூஜ்யம்னா எல்லாம் தீர்ந்துச்சு.

டோனா: இது நம்ம ஆட்டம் இல்லையே... ஐயோ, கார்னர்! கோல்கீப்பரே முன்னால ஓடி வர்றான்!

வெய்ன்: தொண்ணூத்தாறு... வருது, வருது...

டோனா: கோல்! கோல்! வெய்ன்!

வெய்ன்: அப்படிப் போடு!

டோனா: காபியைக் கொட்டிட்டே.

வெய்ன்: நீதானே கையைப் பிடிச்சு இழுத்தே. இன்னும் விடலை நீ.

டோனா: ...விட்டுட்டேன். போதுமா?

வெய்ன்: விடச் சொல்லலை. சரி, ஒன்னுக்கு ஒன்னு. இப்ப மறுபடி ஆடி யாராவது ஜெயிப்பாங்கல்ல?

டோனா: இல்லை. விசில் அடிச்சாச்சு. ஆளுக்கு ஒரு புள்ளி, வீட்டுக்குப் போகலாம்.

வெய்ன்: அப்ப எதுக்கு இவ்வளவு நேரம் ஆடினாங்க? அந்த ஜனங்களைப் பாரு, கோப்பையே வாங்கின மாதிரி அழுது கட்டிப் பிடிச்சுக்கறாங்க.

டோனா: தோத்துப் போச்சுன்னு நெனச்சது தோக்கலை. அது போதாதா? குடு கவரை. சொன்னபடி போட்டுக் குடுத்துடறேன்... பேனா எங்க? இரு... என்ன வெய்ன் இது? உன் பேருக்கு எதிரே காலியா இருக்கு. நீயே போடலையா?

வெய்ன்: போடலை.

டோனா: போடாமலா எடுத்துட்டு வந்தே?

வெய்ன்: முதல்ல நீ சொல்லு. போன வாரம் நடந்த மேட்சை எதுக்கு லைவ்னு சொன்னே?

டோனா: ...நிறுத்தலாம்னு சொல்லியிருந்தா நீ கையெழுத்து வாங்கிட்டுப் போயிருப்பே. பதிவு பண்ணி வெச்சிருந்தேன். நாலாவது தடவையா பார்க்கறேன். அந்தக் கோல் வர்ற வரைக்கும் நீ உட்கார்ந்திருப்பேன்னு ஒரு ஆசை... ஆமா, போன வாரம்னு உனக்கு எப்படித் தெரியும்?

வெய்ன்: நீ இதைத்தான் பார்க்கறேன்னு உன் தங்கச்சி சொன்னா. நானும் அந்த வாடகை ரூம்ல பார்க்க ஆரம்பிச்சேன். நாலு மாசமாச்சு.

டோனா: ஆஃப்சைடு தெரியாத மாதிரி இன்னொரு தடவை சொல்லச் சொன்னியே, திருடா!

வெய்ன்: நீ சொல்றதைக் கேக்கணும் போல இருந்துச்சு. போன சனிக்கிழமை இதே மேட்ச். காகிதத்தை மடியில வெச்சுக்கிட்டு, விளம்பரம் வந்தா போட்டுடலாம்னு உட்கார்ந்தேன். நாப்பத்தஞ்சு நிமிஷம்... வரவே இல்லை.

டோனா: பொய் சொல்லாதே. இடைவேளைல வந்திருக்குமே. வரிசையா ஓடுமே.

வெய்ன்: ஓடுச்சு. பேனாகூடக் கையிலதான் இருந்துச்சு. ஆனா விளம்பரம் வந்தா உன் பக்கம் திரும்பிப் பேசித்தானே எனக்குப் பழக்கம், டோனா... திரும்பினேன், சோஃபா ஓரத்துல நீ இல்லை.