இதழ் இல்லாத பூ

தலையில வைக்கிறதுக்கா? இதையா? நல்லாக் கேட்டீங்க போங்கக்கா. சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கு, ஒரு வாசமும் கெடையாது. ஆடு கூட மோந்து பாத்துட்டுப் போயிருது. இதுக்குத்தான் அன்னவாசல் பக்கம் மலையில வெயில்ல ஏறி எறங்கிட்டு வந்து இந்த பஸ்ஸப் புடிச்சேன். செருப்பு அந்துபோச்சு.

எங்க வீட்டுக்காரரு சயின்ஸ் வாத்தியாரு. லீவு விட்டா மத்த ஆம்பளைங்க சொந்த ஊருக்குப் போவாங்க, இல்ல தூங்குவாங்க. இவரு மலை மலையாப் போயி களைக்குப் பேரு கண்டுபிடிப்பாரு. களைதானக்கா, வேறென்ன? இது சாமந்தி சாதியாம். ஆனா சாமந்திக்குச் சுத்தி இதழ் இருக்குமுல்ல, இதுக்குப் பொறவியிலேயே கெடையாதாம். இங்கிட்டு யாருமே பாக்காத பூவாம். வீட்டுல அரிசி இருக்கா இல்லையான்னு பாக்காத மனுசன்.

படத்த, செடி கொடி ஆராயிறவங்க வாட்சப் குரூப்புல போட்டாரு. அதுல சூசைராஜ்னு ஒரு காலேஜ் புரொபசரு, பெரிய மேதாவி. இதழ் உதிர்ந்த கெழட்டுப் பூவப் படம் புடிச்சிருக்கீங்க சார்னு போட்டுட்டாரு. எல்லாரும் சிரிக்கிற பொம்மையாப் போட்டுத் தள்ளுனாங்க. இவரு சும்மா இருக்கலாமுல்ல? அன்னைக்கு மலர்ந்த பூவக் கொண்டாந்து காட்டுறேன்னு மறுபடி ஏறி, பாறையில வழுக்கி, தொடை எலும்பு ரெண்டாப் போச்சு.

பிளேட்டு வச்சாச்சு. தெனமும் நடந்து பழகலேன்னா காலு வெளங்காமப் போயிரும்னு டாக்டர் சொல்றாரு. இவரு எந்திரிச்சாத்தானே? செவுத்தப் பாத்துப் படுத்தே கெடக்காரு. நடந்து எங்க போகப் போறேன், நாலு பேரு சிரிக்கிறதப் பாக்கவாங்குறாரு. ஒரு களைக்காக. எனக்கு வார ஆத்திரத்துக்கு... சோத்தக் கொண்டுபோயி வச்சா அதுவும் அப்படியே காஞ்சு கெடக்கு. பயமா இருக்குக்கா.

ஆமா, இன்னைக்குக் காலையில மலர்ந்ததுதான். நல்லாப் பாருங்க, எதுலயாச்சும் இதழ் இருக்கா? இல்லையில்ல? இதப் பாத்தா எந்திரிச்சு ஒக்காந்துருவாரு.

புரொபசருக்குக் காட்டவா? அவருக்கு எதுக்கு? எங்க வீட்டுக்காரரு ஒருத்தரு பாத்தாப் போதும். குரூப்புல போட விடமாட்டேன், போனு என்கிட்டதான் இருக்கு.

இதழா? எங்க? அட, ஆமா. காம்போட ஒட்டிக்கிட்டு மஞ்சளா ஒன்னு. பூராப் பூவுலயும் இதழ் இருந்துச்சுக்கா, பாறையில ஒக்காந்து ஒவ்வொன்னாக் கிள்ளுனேன். இது மட்டும் எப்படித் தப்புச்சோ. நான் எறங்குற திருக்கோகர்ணம் வர்றதுக்குள்ள எடுத்துரணும், ஒரு ஊக்கு இருந்தாக் குடுங்க.