ஷர்வினின் பாத்திக் துணி

— கதவ சாத்திட்டு உள்ள வா சாந்தினி. மெதுவா. இப்பதான் பிள்ளைங்க எல்லாம் கண்ணசந்திருக்கு.

— வேலம்மா ஆயா பால் காய்ச்சிக்கிட்டு இருக்காங்கக்கா. நான் போயி கொஞ்சம்...

— அவ காய்ச்சுவா. நீ உக்காரு. இந்தா பாரு, இந்த யோகேஸ்வரி சுத்தி வளைச்சிப் பேசுறவ இல்ல. நேத்து புவனேஸ் மகளுக்குக் காச்சல்னு தானா ராத்தா டவுன் கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போனேன். திரும்பி வந்தா வாசல்ல வேன் சக்கரம் பதிஞ்சு கெடக்கு. யாரு வந்தா?

— தெரிஞ்சுகிட்டே கேக்குறீங்களேக்கா. இமிகிரேஷன்காரங்க, பெர்மிட் பாக்குறவங்கதான்.

— எனக்குத் தல நரைச்சதே இந்த ஆயாக்கொட்டகையிலதான். அவங்க கொழுந்து மலைக்கு வருவாங்க, ஆளுங்க குடியிருக்கிற லயத்துக்கு வருவாங்க. பிள்ளைங்க இருக்கிற எடத்துல கால் வச்சதே இல்ல. நீ வேலைக்கு வந்து இன்னும் ஒரு தீவாளி கூட ஆகல, படியேறி வந்துட்டாங்க. வழிய யாரு காட்டுனது?

— நான் காட்டுனேங்கிறீங்களா?

— காட்டுனன்னு சொல்லல லா. கேக்குறேன். ஒங்கண்ணன் கவர்மெண்டுல இருக்கான்.

— எங்கண்ணன் தபால் ஆபீஸ்ல முத்திர குத்துறான்க்கா.

— கவர்மெண்டுன்னா கவர்மெண்டுதான்.

— மேல் ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடக்கு. வேன் போக வழியில்ல. திருப்புறதுக்கு எடம் தேடி இங்க வந்தாங்க, பிள்ளைங்க சத்தம் கேட்டு எறங்கிட்டாங்க. சத்தியமா அவ்வளவுதான்.

— மண்ணு சரியாத மாசம் எது இங்க? என்னாங்கிறேன், இத்தன வருசமா சரியாத மண்ணா? காளிமுத்து கொழுந்து லோரிய நிறுத்திட்டு வாசல்லயே நின்னானாம். நீ ஒன் அடையாளக் கார்டு, ஐசிய எடுத்து அவங்க கையில குடுத்தியாம். சிரிச்சு சிரிச்சுப் பேசுனியாம்.

— ஐசி கேட்டாங்க, குடுத்தேன். பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துட்டாங்க. சிரிக்காம இருந்தா அழுதிருப்பேன்க்கா. காளிமுத்து அண்ணன் அவ்வளவுதான் சொன்னாரா?

— ஏன், இன்னும் இருக்கா?

— இல்லக்கா. சும்மா கேட்டேன்.

— நான் விடுவேனா? அப்புறம் என்னா நடந்திச்சின்னு கேட்டேன். மூஞ்சத் திருப்பிக்கிட்டு, “ஒங்க சாந்தினியையே கேளு”ன்னுட்டு லோரிய எடுத்துட்டான். ஒன்னக் கட்டிக்கப் போற மகேனுக்குத் தாய்மாமன் அவன். நாளைக்கு ஒங்கல்யாணத்துல மாப்ள பக்கம் மொத ஆளா நிக்கப் போறவன். அவனே மூஞ்சத் திருப்புறான்னா நீ என்னா காரியம் செஞ்சிருப்ப?

— பால் பொங்குற வாசம் வருதுக்கா.

— பொங்கட்டும். ஷர்வினோட துணி எங்க?

— எந்தத் துணி?

— நடிக்காத லா. பூப்போட்ட பழுப்புத் துணி. அத மோந்துகிட்டாதான் அவனுக்குத் தூக்கம். நேத்து சாயந்திரம் பிடிச்சு காணோம். ராவெல்லாம் அழுதிருக்கான். இப்பக்கூடப் பாரு, தூக்கத்துலயே விசும்புறான். எனக்கு வயிறு எரியுது. அத எடுத்து அவங்ககிட்ட காட்டுனியா?

— அது பாத்திக்குக்கா. இந்தோனேசியா லோம்போக் பொம்பளைங்க பிள்ளைய இடுப்புல கட்டிக்கிற பாத்திக். நம்ம பிள்ளைங்க அம்மா சேலையில தூங்கும். இவன் ஒருத்தன் மட்டும் பாத்திக்.

— ஓகோ! இதெல்லாம் ஈப்போவுல படிச்ச டிப்ளோமாவுல சொல்லிக் குடுத்தாங்களா?

— கண்ணு இருக்கேக்கா. மொட்ட அடிச்சிருக்கீங்க. கன்னத்துல திருஷ்டிப் பொட்டு, இடுப்புல கருப்புக் கயிறு. எல்லாம் சரிதான். ஆனா காது குத்தல. லயத்துல மொட்ட போட்ட கையோட காதும் குத்திருவாங்கல்ல? வேல முடிஞ்சு சங்கு ஊதுனா அம்மாமாரெல்லாம் முன்வாசல்ல நிப்பாங்க, இவன மட்டும் வேலம்மா ஆயா பின்வாசல் வழியா தூக்கிட்டு ஓடுவாங்க. ஷர்வின்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்.

— எப்பலேருந்து தெரியும் ஒனக்கு?

— வந்த மொத வாரத்துலேருந்தே.

— அப்பவே தெரிஞ்சு, வாயத் தொறக்காம இருந்திருக்க! பாம்புக்குப் பால் வாத்த கதையால்ல போச்சு!

— நீங்க தொறந்தீங்களாக்கா? நான் உள்ள வந்தா பேச்சு நின்னுடும். ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்குவீங்க. எனக்கும் சந்தேகம் வந்துச்சு. எங்கேருந்தாவது பிள்ளையத் தூக்கியாந்து வச்சிருக்கீங்களோன்னு.

— அடிப்பாவி! நானா?

— பின்ன நான் என்னான்னு நெனைக்கிறது?

— மேல் மலையில முக்காடு போட்டுக்கிட்டு கொழுந்து வெட்டுவாளே நூரி, அவ பெத்தது. பெர்மிட்டுல வந்தவங்க இங்க பிள்ளை பெத்துக்கக் கூடாது. பிள்ளை இருக்கிறது தெரிஞ்சா தாய ஒரு வேன்லயும் பிள்ளைய ஒரு வேன்லயும் ஏத்திருவாங்கன்னு அவளுக்குப் பயம். ஒருநாள் மழையில நனைஞ்சுகிட்டு வந்து காலப் பிடிச்சிட்டா. பொட்டு வைக்கச் சொன்னதே அவதான். ஊரு பிள்ளையெல்லாம் வாங்குன கையி இத மட்டும் தள்ளுமா? போதுமா? எல்லாம் தெரிஞ்சிடுச்சில்ல? போயி ஒங்கண்ணங்கிட்ட சொல்லு. முத்திர குத்தி அனுப்பட்டும்.

— அக்கா...

— ஆத்தாடி, என்னா சத்தம் இது! பால் கொண்டாந்தா ரெண்டு பேரும் சேவலாட்டம் சிலுத்துக்கிட்டு நிக்கிறீங்க? பிள்ளைங்க முழிச்சிக்கும்!

— நல்ல நேரத்துல வந்த வேலம்மா. நேத்து வேன் வந்தப்ப நீ எங்க இருந்த?

— ஆத்தாடி, பொய் சொல்வானேன்? வேனப் பாத்ததும் கரண்டியும் கையுமா கக்கூஸ்ல போயி தாப்பா போட்டுக்கிட்டேன்.

— அப்ப இவ அவங்ககிட்ட என்னா பேசுனான்னு ஒனக்குத் தெரியாது.

— எங்கேருந்து தெரியும்? சுபத்ரா பிள்ளை, சுபத்ரா பிள்ளைன்னு மந்திரம் கணக்கா சொல்லிக்கிட்டே உள்ள உக்காந்திருந்தேன். யாரு கேட்டாலும் சுபத்ரா வீட்டுக் கடக்குட்டின்னு சொல்லணும்னு நீதான சொல்லி வச்ச? சுபத்ராவும் சரின்னா, அவ புருசனும் சரின்னான்.

— அவங்க புருசனுக்குக் கூடத் தெரியுமாக்கா?

— லயத்துல ரெண்டு மூணு வீட்டுக்குத் தெரியும். நம்மாளுங்க.

— நான்?

— புதுசா வந்தவள எப்படி லா நம்புறது? பிள்ளை உசுருல்ல அது. அதான் ஒங்கிட்ட மட்டும் மூச்சு விடாதன்னு வேலம்மாகிட்ட சொல்லி வச்சேன்.

— ஆமா சாந்தினி, சாமி மேல சத்தியம் வாங்கிட்டா.

— சரி. இந்தாங்க துணி.

— ஆத்தாடி! ஒம் பையிலயா இருந்திச்சி?

— வேன் சத்தம் கேட்டதும் சுவெட்டருக்குள்ள சொருகிக்கிட்டேன். அத ஒரு பார்வ பாத்தாலே அவங்களுக்குத் தெரிஞ்சிரும்ல? இன்னிக்கும் வருவாங்களோன்னு பயந்துகிட்டு வெளிய எடுக்கல. மொதல்ல அவன் பக்கத்துல வைங்க ஆயா, பாவம்.

— பாரேன் யோகேசு, மூக்குல பட்டதும் விசும்பல் நின்னுடுச்சி. அழுத்திப் பிடிச்சிக்கிட்டான் கள்ளன்.

— ஒங் கையக் காட்டு சாந்தினி. இரு. மோதிரம் எங்க? நிச்சயத்துக்கு மகேன் போட்ட மோதிரம்?

— அது கெடக்கட்டும்க்கா.

— என்னா கெடக்கட்டும்? குளிக்கையிலகூட கழட்டாம திரிஞ்சவ நீ. பேச்ச மாத்தாத. துணிய ஒளிச்ச, ஒத்துக்கிறேன். ஆனா ஷர்வின் புது ஆளப் பாத்தா ஓடியாந்து நம்ம காலக் கட்டிக்குவான். நேத்து நீதான் இருந்த, ஒங்காலத்தான் கட்டியிருப்பான். அவங்க ஒண்ணும் கேக்காமலா போனாங்க?

— கேட்டாங்க. காளிமுத்து அண்ணனும் பக்கத்துலயேதான் நின்னாரு. “இது யாரு பிள்ளை”ன்னு என்னையப் பாத்துக் கேட்டாங்க.

— சுபத்ரா கததான் ஒனக்குத் தெரியாதே. நீ யாரு பேரச் சொன்ன?

— யாரு பேரையும் நீங்க எனக்குச் சொல்லிக் குடுக்கலியேக்கா. என் பிள்ளைன்னேன். அப்பன் யாருன்னாங்க, இல்லன்னேன். காலையில விடிஞ்சதும் மகேன் வீட்டுக்காரங்க வந்து மோதிரத்தக் கழட்டி வாங்கிட்டுப் போயிட்டாங்க.