கோரியோட காதலி

ஹலோ... ஹலோ, கிளென் தம்பிங்களா... நான் வெர்னா பேசுறேன்... வெர்னா, வெர்னா. மத்தியானம் சாப்பிட்டீங்களே, அந்த ஓட்டல்காரி... ஆமா ஆமா, சத்தமாப் பேசுறவதான். மேசை சொல்லி வைக்கக் காலையில ஃபோன் பண்ணீங்கல்ல, அந்த நம்பரைப் பாத்துத்தான் அடிக்கிறேன்... இல்ல இல்ல, எதையும் மறந்துட்டுப் போகலை... வண்டி ஓட்டிக்கிட்டா இருக்கீங்க... கொஞ்சம் ஓரங்கட்டுங்க தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஸ்பீக்கர்ல போட்டுடாதீங்க... போட்டுட்டீங்களா. எடுங்க, எடுங்க, அவங்க காதுல விழ வேணாம்... எடுத்தாச்சா... ம்.

தம்பி, எனக்கு மூஞ்சியை எங்க கொண்டு வச்சுக்கிறதுன்னு தெரியலை. நீங்க போனப்புறம் எங்க டேனா வந்து சொல்லுச்சு... பரிமாறுற பொண்ணு, மூக்குத்தி போட்டது... அதேதான். 'பட்டாளத்துல இருந்தது நான் இல்ல, என் வீட்டுக்காரி, இருபத்தோரு வருஷம் இருந்தா, நான் கூரை போடுற ஆளு'ன்னு அதுகிட்டச் சொல்லிட்டுப் போனீங்களாம்ல... ஆமா... ஆமா... அதை எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா தம்பி... சொன்னீங்களா. எப்ப... வாசல்லயேவா.

...ஆமா. சொன்னீங்க. அந்த இலவசச் சாப்பாடு இவளுக்கு, எனக்கில்லன்னு சொன்னீங்க. இந்தத் தந்திரமெல்லாம் எங்கிட்டப் பலிக்காது தம்பி, சண்டைக்குப் போனவங்களுக்குத்தான் ஓசி, சம்சாரத்துக்குக் கிடையாதுன்னு நான் சிரிச்சேன். சுத்தி இருந்தவங்களையும் சிரிக்க வச்சேன். உங்க சட்டையில கொடியைக் குத்தி, மணியடிச்சு, மொத்த ஓட்டலையும் எந்திரிச்சுக் கை தட்டச் சொன்னேன். நீங்க வேணாம் வேணாம்னு கையை ஆட்டுனீங்க. நான் அதை அடக்கம்னு நெனச்சுக்கிட்டேன்... சிரிக்காதீங்க தம்பி. நீங்க சிரிச்சா இன்னும் குத்துது. நவம்பர் பதினொண்ணு, பட்டாளத்துக்காரங்க நாள் வந்தா எனக்குத் தலைகால் புரியாது. பழைய பட்டாளத்துக்காரங்க அத்தனை பேருக்கும் அன்னிக்கி நம்ம கையால ஒருவேளை சாப்பாடு, அந்தப் பெருமை தலைக்கேறிடும்.

அவங்களுக்குப் பில்லு வேற போட்டேன்... குடுங்க, அவங்ககிட்டக் குடுங்க. திட்டட்டும், வாங்கிக்கிறேன்... பேரு என்ன சொன்னீங்க... ரோண்டா. சரி.

ஹலோ... ரோண்டாங்களா. நான் வெர்னா, கண்ணு... கண்ணுன்னு கூப்பிடலாம்ல... இல்ல, மன்னிப்புன்னு சொல்ல வாயே வரலை எனக்கு... ம்... ம்... பழகிப்போச்சா. என்ன கண்ணு இப்பிடிச் சொல்றீங்க, இதெல்லாம் ஒரு பழக்கமா... எல்லா ஊர்லயும் அவரைப் பாத்துத்தான் கை குடுக்குறாங்களா... நான் அதுக்கு மேல ஒருபடி போயிட்டேனே. வீட்டுல நீங்கதான் பாவம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுக் காத்துக் கெடந்திருப்பீங்கன்னு உங்க கையைப் பிடிச்சுச் சொன்னேனே. நீங்க பியரோகிக் கொழுக்கட்டையை முள்கரண்டியால குத்திக்கிட்டிருந்தீங்க.

திரும்பி வாங்க கண்ணு. எவ்வளவு தூரம் போயிட்டீங்க... அவ்வளவுதானா. பாலத்தைத் தாண்டலைல்ல, திரும்பிடுங்க. மறுபடி மணியடிச்சு, என் வாயாலயே எல்லார் முன்னாடியும்... வேணாமா... சரி, மணி வேணாம். கை தட்டல் வேணாம். பன்றித் தொடைக்கறி இன்னும் இருக்கு, சும்மா வந்து... என்னது... சாப்பாட்டுக்கு வரலையா. பின்ன எதுக்கு வந்தீங்க...

செவுத்துல இருக்கிற போட்டோவா... எங்க ஓட்டல் செவுத்துலயா... நெறைய இருக்கே கண்ணு, இந்த ஊர்ப் பசங்க அத்தனை பேரும் அங்கதான் தொங்குறாங்க. யாரோடது... யாரு... கோரியா. நம்ம மார்லீன் மகன், கோரி சபோலா. அய்யோ, அவன் என் கண்ணு முன்னாடி வளந்த பையன். ஈராக்குச் சண்டையில செத்துப்போனான், இருபது வருஷம் ஆச்சு. அவனை உங்களுக்கு எப்பிடி... உங்ககூடவா. உங்களுக்குக் கீழயா வேலை பாத்தான். நீங்க சார்ஜெண்டா... லாரி அணியா... சரி... சரி.

இருங்க, செவுத்துக்கிட்டப் போறேன். டேனா, அந்த நாக்காலியை நகட்டு. ஃபோன்லதான் இருக்கேன், நகட்டு... ஆங், இதோ இருக்கான். லாரி மேல சாஞ்சுக்கிட்டு, அதே கோணச் சிரிப்பு. பக்கத்துல தோள்ல கை போட்டுக்கிட்டு அவனோட காத...

...

கண்ணு, இருக்கீங்களா...

கழுத்துப்பட்டையில கோடு இருக்கு. சார்ஜெண்டுக் கோடு. நான் கவனிச்சதே இல்லை... அது நீங்களா. அந்தப் பல்லு உங்களோடதுதான். நீங்க சிரிச்சிருந்தா எனக்கு மத்தியானமே தெரிஞ்சிருக்கும். நான் எங்க உங்களைச் சிரிக்க விட்டேன்.

இந்தப் பொண்ணும் பட்டாள உடுப்பு போட்டிருக்குதேன்னு ஒருதரம் தோணுச்சு கண்ணு. அவன் சட்டையை வாங்கி மாட்டிக்கிட்டு நிக்குது போலன்னு நெனச்சேன். சண்டைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி டெக்சாஸ் முகாம்ல எடுத்ததுன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். 'கோரியும் அவன் காதலியும்'னு கீழ எழுதுனதும் நான்தான். எவரும் சொல்லலை... அவன் சாமான்கூட இந்தப் போட்டோ வந்துச்சு. மார்லீன் கொண்டாந்து காட்டி, இந்தப் பொண்ணு யாராயிருக்கும் வெர்னான்னு கேட்டா. வேற யாரு, உன் மருமகளா வரவேண்டிய பொண்ணுன்னு சொன்னேன். அவ அழுதுகிட்டே சந்தோசப்பட்டா...

ஆமா... ஆமா, உங்க மேசை இதுக்கு நேர் கீழதான். படிச்சுட்டுத்தானே உக்காந்திருந்தீங்க...

அய்ய. நான் வந்து சொன்னேனே. காப்பி ஊத்த வந்தப்ப. நீங்க அண்ணாந்து பாத்துக்கிட்டிருந்தீங்க, கதை கேக்க ஆள் சிக்குச்சுன்னு நான் ஆரம்பிச்சேன். இப்பிடிப் பல்லைக் காட்டிக்கிட்டு நின்னவ, பையனை அடக்கம் பண்றப்ப எட்டிக்கூடப் பாக்கலைன்னு. நீங்க மெதுவா, அவளுக்கு என்ன நெலமையோன்னீங்க. என்ன பொல்லாத நெலமை, அடுத்தவனைப் பிடிச்சிருப்பான்னு உங்க கோப்பையில ஊத்திக்கிட்டே... உங்க மூஞ்சியைப் பாத்து...

இல்ல... பேசுங்க. நான் வாயை மூடிக்கிறேன். நீங்க சொல்லுங்க.

ம்... ம்... அவன் நல்லா ஓட்டுவான்னு லாரி வரிசையில முன்வண்டி குடுத்தீங்களா... ஆமா, இந்த மலைரோட்டுல பனியில ஓட்டிப் பழகுன கைதானே... ம்... அன்னிக்கி அது உங்க முறையா... அவனுக்கு மாத்தி விட்டீங்களா... ம்... அந்த வண்டியிலயா குண்டு வெடிச்சுது...

மறுநாளும் அதே ரோட்டுலயா. அதே ரோட்டுலயா ஓட்டிக்கிட்டுப் போனீங்க... மிச்சப் பசங்களைக் கூட்டிக்கிட்டு வரணும்ல, ஆமா. அந்த நேரத்துல அடக்கத்துக்கு எங்கிருந்து வருவீங்க.

அவங்கம்மாவைப் பாக்கணும்னு இல்லையா உங்களுக்கு... பயமா... இத்தனை வருஷமாவா. போட்டோவை மட்டும் பாத்துட்டுப் போயிடலாம்னா... அதுலயும் நான் மண்ணள்ளிப் போட்டுட்டேன்.

இந்த எழுத்தைக் கிழிக்கிறேன் கண்ணு. இப்பவே கிழிக்கிறேன், நகம் பேந்தாலும் சரி... என்ன... நீங்க ஏன் பதறுறீங்க, இது என் கையெழுத்து. வரமாட்டேங்குது, சனியன்...

ம்? ...ஒண்ணுமில்லடி. சும்மா தூசி தட்டுறேன்.

கண்ணு, மெதுவாப் பேசுறேன். மார்லீன் வந்துட்டா. கோரியோட அம்மா. தினமும் இந்நேரம் காப்பி குடிக்க வருவா. என் பின்னாடிதான் நிக்கிறா... வச்சிடாதீங்க. கேளுங்க. அவ இருபது வருஷமா உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கா, நான் கெளப்பிவிட்டது அது. அந்தப் பொண்ணு ஒருதரம் வந்திருந்தா என் மகனைப் பத்தி ரெண்டு வார்த்தை கேட்டிருப்பேனேன்னு ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் சொல்லுவா... ஆமா... முன்வண்டி விஷயத்தை நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். இனிமே யார் கதையையும் நான் சொல்றதா இல்லை. அவ என்ன சொல்லுவான்னு எனக்குத் தெரியாது, கண்ணு. பொய் சொல்ல மாட்டேன். அடிச்சாலும் அடிப்பா வார்த்தையால... ம்... யோசிங்க. இருங்க.

மார்லீன், உக்காரு. ...ஏன்னு கேக்காத, உக்காரு. நான் ஒண்ணு சொல்லணும். இந்தப் போட்டோவுல இருக்கிற பொண்ணு அவன் காதலி இல்லடி... எனக்குத் தெரியாது, தெரியாமத்தான் சொன்னேன். உன் மூஞ்சி அன்னிக்கி அப்பிடி இருந்துச்சு, ஏதாவது ஒண்ணு சொல்லணும்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன்... அவ அவனோட சார்ஜெண்டு. அவன்கூட இருந்தவ... வந்தா. இன்னைக்கித்தான் வந்தா... இங்கதான், இந்த மேசையிலதான். நான் பில்லு போட்டு அனுப்பிட்டேன்...

ஹலோ கண்ணு... அழலை. அவ அழலை. என்னைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறா. கையை நீட்டுறா... குடுக்கட்டுமா... கண்ணு... கேக்குதா...

சரி.

இந்தா மார்லீன். பேரு ரோண்டா... போறேன்டி, போறேன். அடுப்பங்கரைக்கே போயிடுறேன்.