கடைசியாக யார் திறந்தது

இந்த மேசையை நேற்றே யாராவது துடைத்திருக்கலாம். தேநீர்க் கோப்பை வைத்த வட்டம் காய்ந்து ஒட்டிக்கிடக்கிறது, அதன்மேல்தான் எனக்கான தாள்களை வைத்திருக்கிறீர்கள். குறையாகச் சொல்லவில்லை. சிறு வயதிலிருந்தே எனக்கு அழுக்கு ஆகாது, அவ்வளவுதான். நடந்ததை என் கையால் எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

பத்தொன்பது ஆண்டுகளாக விமானப் பராமரிப்புக் கூடத்தில் நான் பரிசோதகர். மெக்கானிக்குகள் முடித்த வேலையை டார்ச் அடித்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு விமானமும் கூடத்தை விட்டு நகராது. இத்தனை ஆண்டுகளில் என்மேல் ஒரு புகார் கிடையாது.

விமானம் என்றால் வெளியே இருப்பவர்களுக்கு வெள்ளையாக, பளபளவென்று ஒன்று தெரியும். உள்ளே திறந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும் மனிதர்களின் லட்சணம். இருக்கைகளைக் கழற்றினால் கடித்துப் போட்ட நகம், ரத்தம் காய்ந்த பல் குத்தும் குச்சி, குழந்தையின் கால்சட்டை. இதெல்லாம் பயணிகள் வேலை. தொழிற்சாலைக்காரர்களின் வேலை இதைவிடக் கேவலம். புத்தம் புது விமானத்தின் இறக்கைக்குள் எண்ணெய்த் துணி, துளைபோட்டபோது விழுந்த உலோகச் சுருள், பசைக்குள் மாட்டிக்கொண்ட தலைமுடி. வீட்டைக் கூட்டிக் குப்பையைக் கட்டிலுக்கடியில் தள்ளும் ஆட்கள் அவர்கள். முதல் சில ஆண்டுகள், அப்படி ஒன்றைப் பார்த்த நாளில் என்னால் மதியம் சாப்பிட முடியாது.

எங்கள் கூடத்தின் மூலையில் ஒரு கண்ணாடி அறை உண்டு. தொழிற்சாலையின் பிரதிநிதி அதில் உட்கார்ந்திருப்பார். அவர் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடும் என்பதால் எல்லோரும் அவரை ‘சென்ட்டு’ என்போம். எந்தக் குறையைக் கொண்டுபோனாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி.

“கடைசியா யார் திறந்தது?”

ஒரு மூடியை நாங்கள் ஒரு தடவை திறந்துவிட்டால் போதும். அதற்குள் இருக்கும் பாவம் எல்லாம் எங்கள் தலையில். ஒருமுறை எரிபொருள் குழாயின் உறைக்குள் மென்று துப்பிய சூயிங் கம் இருந்தது, பல் பதிந்த தடத்தோடு. இடுக்கியால் எடுத்துத் தாளில் வைத்துக் கொண்டுபோனேன். அவர் பராமரிப்பு ஏட்டைப் புரட்டினார். ஏழு மாதத்துக்கு முன் எங்கள் ஆள் அதைத் திறந்திருந்தான்.

“எங்க ஃபாக்டரியில யாரும் சூயிங் கம் மெல்றதில்ல சார்” என்றார், மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு.

என் மனைவியின் தம்பியும் இப்படித்தான் மாட்டினான். நல்ல மெக்கானிக். நான்தான் அவனைக் கூடத்தில் சேர்த்துவிட்டேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு விமானம் தரையிறங்கும்போது முன்சக்கரம் மடிந்துவிட்டது. பணிப்பெண் ஒருத்திக்கு இடுப்பெலும்பு முறிந்தது. சக்கரத்தின் ஒரு போல்ட்டில், அது கழலாமல் தடுக்கும் பூட்டுப் பின் இல்லை. தொழிற்சாலையிலேயே போடாமல் விட்டிருப்பார்கள் என்று நான் சொன்னேன். சென்ட்டு தன் கேள்வியைக் கேட்டார். கடைசியாகத் திறந்தவன் என் மைத்துனன். அவன் உரிமம் போயிற்று. இப்போது சைக்கிள் கடையில் செயின் மாட்டுகிறான். என் மனைவி ஒரு வருஷம் எனக்குச் சோறு போடும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போட்டாள். பரிசோதகர் என்று நான் இருந்தும் அவள் தம்பியைக் காப்பாற்றவில்லையாம்.

நீங்கள் கேட்கும் விமானம் போன ஆண்டு வழக்கமான சோதனைக்கு வந்தது. ஐந்து வாரத்துக்கொருமுறை வரும் சின்ன விமானம். அதன் வாலுக்கு அடியில் ஒரு மூடி, இருபத்திரண்டு திருகுகள். ஆறாம் ஆண்டில்தான் அதை முதல் முறையாகத் திறக்க வேண்டும் என்பது விதி. அப்போது நாலாவது ஆண்டு. ஒவ்வொரு திருகின் தலைக்கும் குறுக்கே தொழிற்சாலை தீட்டிய நீலக் கோடு அப்படியே இருந்தது. கோடு உடையாமல் இருந்தால் திருகை யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ஆனால் மூடியின் ஓரத்தில் கறுப்பாக ஒரு பொடி கசிந்திருந்தது. உள்ளே உலோகம் உலோகத்தோடு உரசினால் அப்படி வரும்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஏணியை வைத்துத் திறந்தேன். ஏட்டில் எழுதவில்லை. சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுதிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே ஒரு கந்தல் துணி பசையில் ஊறி, செத்த எலியைப் போல விறைத்துக் கிடந்தது. அதற்குப் பின்னால், வால் சிறகைப் பிடித்திருக்கும் தாங்கியில் ஒரு துளை. ஒருவன் தப்பான இடத்தில் துளைத்து, நைசாகப் பக்கத்தில் இன்னொரு தடவை துளைத்திருக்கிறான். இரண்டும் சேர்ந்து முட்டை வடிவத்தில் இருந்தன. அதன் விளிம்பிலிருந்து ஒரு விரிசல், ஆறு மில்லிமீட்டர். தப்பு பண்ணிவிட்டு, அதன்மேல் துணியைத் திணித்து, மூடியை மாட்டி, அழகாக நீலக் கோடும் போட்டிருக்கிறான். அவன் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் இன்றுவரை அவனைப் போல நான் யாரையும் அருவருத்ததில்லை.

சொல்லியிருக்க வேண்டும். தெரியும். சொன்னால் சென்ட்டு என்ன கேட்பார் என்பதும் தெரியும். இந்த முறை கடைசியாகத் திறந்தவன் நான்.

அதனால் மூடினேன். இது தானாக உடையட்டும் என்று முடிவு செய்தேன். உடைந்தால் விசாரணை வரும், ஏட்டைப் புரட்டுவார்கள். தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து யாரும் திறக்காத மூடி, அதற்குள் முட்டைத் துளை. அப்போது அவர்களால் யாரைக் கைகாட்ட முடியும்? அதை வைத்து என் மைத்துனனின் வழக்கையும் மறுபடி பார்க்கச் சொல்லலாம். யோசித்துப் பார்த்தால் நியாயம்தானே.

நீலக் கோடு மட்டும் பிரச்சினையாக இருந்தது. தொழிற்சாலை மையை ஸ்டோரில் கேட்டால் கேள்வி வரும். கடையில் தேடி அதே நீலத்தில் நகப்பூச்சு வாங்கினேன். பையில் அதைப் பார்த்த என் மனைவி பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

“இந்த வயசுல யாருக்குங்க இது? எனக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க, நம்ப மாட்டேன்.”

வேலைக்கு என்றேன். உண்மையும் அதுதான்.

ஒவ்வொரு முறை அந்த விமானம் வந்தபோதும் சாப்பாட்டு வேளையில் திறந்து, அளந்து, மூடினேன். எட்டு, பத்து, பதினொன்று. என் ரத்த அழுத்தம் எழுதிவைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டேன். அது ஏதோ ரத்தப் பரிசோதனை எண் என்று என் மனைவி நினைத்திருக்கிறாள். மூன்றாவது முறைக்குப் பிறகு அதைப் பார்க்க எனக்கு ஒரு ஆசையே வந்துவிட்டது. ஒருமுறை கொஞ்சமும் வளரவில்லை. அன்று மாலை வரைக்கும் எரிந்து எரிந்து விழுந்தேன். இதை முன்பு வாயால் சொன்னபோது உங்கள் உதவியாளர் முகத்தைச் சுளித்தார். சுளிக்கட்டும். எனக்கும் இதை எழுதக் கூசுகிறது.

தாங்கி உடையும்போது விமானம் தரையில் ஓடிக்கொண்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைக்க என்ன ஆதாரம் என்று கேட்டீர்கள். ஆதாரம் எதுவும் இல்லை. நினைத்தேன்.

பிறகு என் மனைவியின் பயணச்சீட்டைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் தன் அக்காவைப் பார்க்க அந்த விமானத்தில் போவதாக இருந்தாள். நான் அதை ரத்து செய்துவிட்டு ரயிலில் இடம் பிடித்துக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம். அந்த விமானம் அன்று பத்திரமாகத்தான் போய்வந்தது. எந்தக் கணவனும் செய்யக்கூடிய காரியம் இது, இதற்கு நீங்கள் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பது எனக்குப் புரியவில்லை.

மூன்று வாரம் கழித்து அது விழுந்தது. நாற்பத்தொரு பேர். கூடத்தில் எல்லோரும் தொலைக்காட்சி முன்னால் நின்றார்கள். சென்ட்டு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் அருகில் போய் நின்றேன்.

“வால்தான் போயிருக்கும். அது உங்க வேலை சார்” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். “வாலுன்னு இன்னும் யாருமே சொல்லலையே” என்றார்.

மற்றதை நீங்களே கண்டுபிடித்தீர்கள். விமானம் விழுந்த இடத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால் ஒரு வயலில் அந்த மூடி கிடைத்தது. திருகுகள் கழன்ற இடத்தில் நீலக் கோட்டின் துண்டுகள் இருந்தன. உருப்பெருக்கியில் பார்த்தால் பூச்சுமேல் பூச்சாக ஒன்பது பூச்சு, அதுவும் நகப்பூச்சு. அந்தத் திருகுகளைப் பிடித்திருக்கும் நட்டுகளுக்குள் ஒரு நைலான் வளையம் உண்டு. நாலைந்து தடவை கழற்றி மாட்டினால் அதன் பிடி தளர்ந்துவிடும், புதிது போட வேண்டும். புதிது வேண்டுமென்றால் ஸ்டோரில் எழுதி வாங்க வேண்டும். எழுதினால் மூடியைத் திறந்தது தெரிந்துவிடும். அதனால் பழையதையே மாட்டினேன். பறக்கும்போது மூடி பிய்த்துக்கொண்டு போய் வால் சிறகில் அடித்து, அதை அசையவிடாமல் சிக்கிப் பிறகு விழுந்திருக்கிறது என்கிறீர்கள்.

முந்தாநாள் அந்தத் தாங்கியைக் கொண்டுவந்து இந்த மேசையில் வைத்தீர்கள். முழுசாக இருந்தது. விரிசல் பதினாறு மில்லிமீட்டர், நான் கடைசியாக அளந்ததுபோலவே. இதே கதியில் போனால் ஆறாம் ஆண்டுச் சோதனை வரை தாங்கியிருக்கும், அப்போது முறைப்படி திறந்து மாற்றியிருப்பார்கள் என்றீர்கள். இருக்கலாம். ஆனால் துளை முட்டை வடிவம்தானே. அதை நீங்களும் மறுக்கவில்லை.

நேற்று என் மைத்துனன் பார்க்க வந்தான். எதிரில் உட்கார்ந்தான்.

“எனக்காகவா மாமா?”

ஆமாம் என்றேன்.

“நான்தான் அப்பவே சொன்னேனே. அந்தப் பின்னைப் போட மறந்தது நான்தான். அன்னைக்கு ஏதோ நினைப்புல விட்டுட்டேன். உங்ககிட்ட சொன்னேன், அக்காகிட்ட சொன்னேன். விசாரணையிலயும் அதைத்தான் சொன்னேன்.”

சொன்னான்தான். என் சமையலறையில் நின்று அழுதுகொண்டே சொன்னான். அவன் வாயில்லாப் பூச்சி. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவான் என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“உன்னை அப்படிச் சொல்ல வெச்சுட்டாங்கப்பா” என்றேன்.

“யாரும் வெக்கல மாமா. அந்தப் பொண்ணோட இடுப்ப ஒடச்சது நான். நீங்க என்னை ஒரு தடவையாவது நம்பியிருக்கலாம்.”

எழுந்தான். நான் அவன் கையைப் பிடித்தேன். இழுத்துக்கொண்டு, சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு போனான். சைக்கிள் செயின் மசகு அவனுக்கு இன்னும் பழகவில்லை போலிருக்கிறது.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன். விரிசலைப் பார்த்தும் சொல்லாதவன் நான். ஒன்பது முறை திருட்டுத்தனமாகத் திறந்து மூடியவன் நான். தளர்ந்த நட்டுகள் என்று தெரிந்தே மாட்டியவனும் நான். என் மனைவியை அதில் ஏறவிடாமல் செய்து, மற்றவர்களை ஏறவிட்டேன். நீங்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த படிவத்திலும் இதெல்லாம் இருக்கிறது. இரண்டு தடவை படித்தேன், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. ஆனால் விபத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘பராமரிப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு ‘தயாரிப்பு’ என்று மாற்றிக் கொண்டுவாருங்கள். மற்றதெல்லாம் சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.